தோள் முறிவும் அதன் வைத்திய வரலாறும்

தமிழில் தோளுக்குக் கிடைத்திருக்கும் பெருமை வேறு உறுப்புக்கு எளிதில் கிடைத்ததன்று. வீரனைப் புகழ வந்தவர்கள் அவன் தோளைப் புகழ்ந்தனர். துன்பத்தில் துணை நிற்பவனைத் தோள் கொடுப்பவன் என்றனர். குழந்தை உறங்குவது தாயின் தோளில். மாலை விழுவது மணமக்கள் தோளில். இறுதி யாத்திரையில் நம்மைச் சுமப்பதும் நால்வர் தோள்களே. அத்தகைய தோள், குளியலறையின் ஈரத் தரையில் கால் சறுக்கி விழுந்த ஒரு மூதாட்டிக்கு ஒரு நொடியில் முறிந்துபோனால் செய்யத்தக்கது யாது?

அயல் மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. சொந்த ஊராயின் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு சொல்வார்கள். மைசூரிலோ நாகபுரியிலோ இருக்கும்போது அடிபட்டவரைச் சூழ்ந்து நின்று மூவர் மூன்று விதமாகப் பேசுவர். "ரயிலேற்றிப் புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுவிடலாம்" என்பார் ஒருவர். "இங்கேயே எண்ணெய் தடவி இழுத்துவிடும் கைராசிக்காரர் இருக்கிறார்" என்பார் மற்றொருவர். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுக்காமல் விடமாட்டார்கள்" என்று அஞ்சுவார் மூன்றாமவர். அம்மூவர் சொல்லிலும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தால் முடிவு செய்வது ஓரளவு எளிதாகும்.

மைசூரிலிருந்தே தொடங்குவோம். தசராவின் நிறைவு நாளாகிய விஜயதசமியன்று யானை ஊர்வலம் புறப்படுவதற்கு முன், அரண்மனைக்குள் வஜ்ரமுஷ்டிப் போர் என்னும் மற்போர் நடைபெறுவது மரபு. தலையை மழித்து, கைம்முட்டியில் கூரிய முனைகள் கொண்ட கருவியை அணிந்த ஜெட்டிகள் என்னும் மல்லர்கள் எதிரெதிரே நிற்பர். ஒருவர் தலையில் முதல் துளி இரத்தம் தோன்றியதும் போர் நிறுத்தப்படும். மைசூர், பெங்களூர், சென்னப்பட்டணம், சாமராஜநகர் ஆகிய ஊர்களின் ஜெட்டிக் குடும்பங்கள் இதில் பங்குகொள்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் மகாநவமி விழாவைக் கண்ட போர்த்துகீசியர்களான பாயஸும் நூனிஸும், பல்லுடையவும் கண் கலங்கவும் குத்திக்கொண்ட மல்லர்களைப் பற்றி எழுதிவைத்துள்ளனர். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கியபோது, விஜயநகரத்தின் அந்த மரபு மைசூர் அரசுக்கு வந்து சேர்ந்தது.

கன்னட நாட்டில் மல்லர் பயிலும் கூடத்துக்குக் கரடிமனை என்று பெயர். காட்டுக் கரடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் பழைய வழக்கிலும் சிலம்பக் கூடத்தைக் கரடிக்கூடம் என்பதுண்டு. மற்போரும் வைத்தியமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். நாள்தோறும் மண்ணில் விழுந்து புரளுபவனுக்கு மூட்டு நழுவும், சதை சுளுக்கும், எலும்பும் முறியும். அவற்றைத் திருத்தும் கையும் அக்கூடத்திலேயே உருவாயிற்று. ஜெட்டிகள் மூட்டுகளைத் திருத்துவதில் தேர்ந்தவர்கள் என்ற பெயர் இவ்வாறு எழுந்ததே. கன்னியாகுமரி வட்டாரத்து வர்ம ஆசான்களின் கதையும் ஏறத்தாழ இதுவேயாகும்; அடிக்கக் கற்றுத் தருபவரே அடிபட்டவரைத் தேற்றவும் கற்றிருந்தார்.

ஆயினும் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தமிழில் நாம் 'பிசகியது' என்கிறோம். 'முறிந்தது' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. தோள் மூட்டில் எலும்பின் தலை பெரிய பந்து போன்றது. அது பொருந்தியிருக்கும் கிண்ணமோ ஆழமற்றது. அதனால்தான் கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் பந்து கிண்ணத்தை விட்டு எளிதில் நழுவியும் விடுகிறது. உறுதியான எலும்புள்ள இளைஞன் மற்போரில் விழுந்தால் பெரும்பாலும் மூட்டு நழுவும். எலும்பு தேய்ந்து மெலிந்த முதியவர் விழுந்தால், மூட்டு அதன் இடத்திலேயே இருக்க, பந்துக்குச் சற்றுக் கீழே எலும்பு முறியும். வெளியே தெரியும் வீக்கம், வலி, தூக்க முடியாத கை ஆகியவை இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். நழுவிய மூட்டைத் தேர்ந்த கை இழுத்துப் பொருத்தினால் நோயாளி அக்கணமே நிம்மதிப் பெருமூச்சு விடுவார். முறிந்த எலும்பை, நழுவியது என்று எண்ணி இழுத்தாலோ துண்டுகள் மேலும் விலகும். அருகே ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும் சேதமுறும். மல்லனின் தோளில் புகழ் பெற்ற கை, மூதாட்டியின் தோளில் தீங்கு செய்ய நேர்வது இதனால்தான். அக்கையில் திறமை குறைவு என்பதன்று. உள்ளே இருப்பது வேறு.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பல நூற்றாண்டுகளாகத் தொகுக்கப்பட்டு வளர்ந்த சுசுருத சம்ஹிதை, அடிபட்ட எலும்புகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறது. ஒன்று சந்திமுக்தம், அதாவது மூட்டு நழுவல். இது ஆறு வகை. மற்றொன்று காண்டபக்னம், அதாவது எலும்பு முறிவு. இது பன்னிரண்டு வகை. முறிவின் வகைகளுக்கு நண்டு போன்றது, குதிரைக் காது போன்றது, பொடியானது என்று கண்ணால் கண்ட உவமைகளையே பெயராக இட்டிருக்கிறார்கள். தோள் மூட்டு நழுவினால் அக்குளில் உலக்கையைக் கொடுத்து உயர்த்திப் பொருத்தி, ஸ்வஸ்திக வடிவில் கட்டுப் போட வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. முறிவுக்கோ இழுத்தல், அழுத்தல், சேர்த்தல், கட்டுதல் என்ற முறை சொல்லப்படுகிறது. அரசு, அத்தி, ஆல், மருது முதலிய மரங்களின் பட்டையும் மூங்கிலும் பத்தைகளாகப் பயன்பட்டன. நம் நாட்டு வைத்தியர்கள் இன்றும் வைத்துக் கட்டும் மூங்கில் சிம்பின் முன்னோடிகள் இவையே.

சுசுருதரின் நூலில் இன்றும் வியக்கத்தக்கவை இரு செய்திகள். முதலாவது, கட்டின் இறுக்கம் பற்றியது. தளர்ந்த கட்டில் முறிவு நிலைபெறாது. இறுகிய கட்டில் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும். ஆகவே நடுத்தரமாகக் கட்டுக என்கிறது நூல். குளிர் காலத்தில் ஏழு நாளுக்கு ஒரு முறையும், மிதமான காலத்தில் ஐந்து நாளுக்கு ஒரு முறையும், வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறையும் கட்டை அவிழ்த்து மாற்றச் சொல்கிறது. இரண்டாவது, வயதைப் பற்றியது. இளமையில் ஒரு மாதத்தில் கூடும் முறிவு, நடுவயதில் இரு மாதத்திலும் முதுமையில் மூன்று மாதத்திலும் கூடும் என்று அது கணக்கிடுகிறது. கட்டைக் கண்காணிக்க வேண்டும், வயதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் இவ்விரு கொள்கைகளும் மூப்படையவில்லை.

பிற நாடுகளிலும் இதே சிந்தனை நிகழ்ந்தது. எகிப்தில் 1862இல் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கிய ஒரு பாப்பிரசுச் சுருள், சுமார் கி.மு. 1600இல் எழுதப்பட்டது. அதில் கூறப்பட்ட 48 நோயாளிகளுள் மூவர் மேற்கை எலும்பு முறிந்தவர்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே மடித்த துணியை வைத்து, தோள்களை விரித்து, முறிந்த இடம் தானே பொருந்தும் வரை கையை நீட்டச் செய்தனர். பின்னர் துணிப் பத்தைகள் இரண்டை வைத்துக் கட்டினர். கிரேக்கத்தில் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல், நோயாளியை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தி, தொங்கும் ஒரு தடியின்மேல் கையைத் தாங்கவைத்து, முழங்கையில் எடையைத் தொங்கவிடும்படி சொல்கிறது. மேற்கை எலும்பு கூடுவதற்கு 40 நாள் என்று அதில் கணக்குச் சொல்லப்பட்டுள்ளது. கையின் எடையே கைக்கு வைத்தியம் என்ற உண்மையை அவர்கள் கண்டுகொண்டனர். இன்று மருத்துவர் ஒரு துணித் தூளியைக் கழுத்தில் மாட்டிக் கையைத் தொங்கவிடுவதும் அந்த உண்மையை ஒட்டியதே.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது. உள்ளே நடந்ததை எவரும் கண்ணால் கண்டதில்லை. விரல் நுனிதான் அவர்களுக்குக் கண். 1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தபோது அந்த இருள் நீங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் கோகர், தோள் முனை முறிவுகளை அவை நிகழும் இடத்தைக் கொண்டு வகைப்படுத்தினார். 1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் கோட்மன், தோளைப் பற்றி ஒரு பெரு நூலை வெளியிட்டார். தோள் முனை எலும்பு மனம்போனபடி உடைவதில்லை; குழந்தைப் பருவத்தில் எந்தப் பகுதிகள் தனித்தனியே வளர்ந்து பின்னர் ஒட்டிக்கொண்டனவோ, பெரும்பாலும் அந்த ஒட்டுவாய்களை ஒட்டியே உடைகிறது என்று அவர் காட்டினார். பந்து போன்ற தலை ஒன்று, தசைநார்கள் பற்றியிருக்கும் பெரிய முடிச்சு ஒன்று, சிறிய முடிச்சு ஒன்று, கீழ்த் தண்டு ஒன்று என நான்கு பகுதிகள். 1970இல் நீர் என்னும் மருத்துவர், ஒரு பகுதி 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகினாலோ 45 பாகைக்கு மேல் திரும்பினாலோதான் அதை விலகிய துண்டு எனக் கொள்ள வேண்டும் என்று வரையறுத்தார். எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர்கள் 'இரண்டு பாகம்', 'நான்கு பாகம்' என்று பேசிக்கொள்வது இக்கணக்கைத்தான்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எலும்பின் தலைக்கும் முடிச்சுகளுக்கும் கீழே, தண்டு குறுகத் தொடங்கும் இடத்துக்கு ஆங்கில வைத்தியத்தில் 'சர்ஜிகல் நெக்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அறுவைக் கழுத்து' ஆகும். சீட்டில் அச்சொல்லைக் கண்ட பலர், அறுவை சிகிச்சை உறுதியாகிவிட்டது என்று கலங்கியிருக்கின்றனர். உண்மையில், அடிக்கடி முறிந்து மருத்துவர் கைக்கு வரும் இடம் என்பதே அப்பெயரின் கருத்து. அங்கு முறிந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி வேண்டியதில்லை. ஒரு பெயரால் விளைந்த அச்சத்தில் மருத்துவமனையைத் தவிர்த்தவர்களும் உண்டு என்பதை நினைக்கும்போது, சொல்லைப் பெயர்ப்பவன் பொறுப்பும் சிறிதன்று என்று தோன்றுகிறது.

அறுவை முறைகள் வளரவில்லை என்பதன்று. 1893இல் பாரிஸ் நகரத்துப் பேயான், காச நோயால் அரிக்கப்பட்ட ஒருவர் தோளில் பிளாட்டினமும் ரப்பரும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தினார். சில ஆண்டுகளில் கிருமி தாக்கியதால் அதை எடுக்க நேர்ந்தது. 1950களில் நீர், நொறுங்கிய எலும்புத் தலைக்குப் பதிலாக உலோகத் தலையைப் பொருத்தும் முறையை நிலைநாட்டினார். 1985இல் பிரான்சின் கிராமோன், பந்தைக் கிண்ணத்தின் பக்கமும் கிண்ணத்தைக் கையின் பக்கமும் மாற்றி வைக்கும் தலைகீழ் மூட்டை அமைத்தார். தகடும் திருகாணியும் கொண்டு துண்டுகளைப் பிணைக்கும் முறைகளும் பெருகின. எலும்பின் தலை பிளந்தவர்கள், முறிவோடு மூட்டும் நழுவியவர்கள், தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்டவர்கள் ஆகியோருக்கு அறுவை பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. இடைநிலையில் நிற்பவர்களுக்கு எது நல்லது என்பதே நெடுங்காலம் விவாதமாயிருந்தது.

விவாதத்தைத் தீர்க்கும் வழியையும் முன்பே காட்டியவர் கோட்மன்தான். வைத்தியம் செய்த ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து, ஓராண்டுக்குப் பின் அவர் உண்மையில் எப்படி இருக்கிறார் என்று பார்த்துப் பதிவு செய்க. அதுவே வைத்தியத்தின் இறுதிப் பயன் என்று அவர் வற்புறுத்தினார். சக மருத்துவர்கள் அதை விரும்பவில்லை. அவர் பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டார். அவர் கேட்ட கணக்கு பிரிட்டனில் எடுக்கப்பட்டு 2015இல் வெளியாயிற்று. 'சர்ஜிகல் நெக்' பகுதியில் முறிந்து விலகிய எலும்புடைய 250 பேரை 32 மருத்துவமனைகளில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவையும் மற்றதற்குத் தூளிக் கட்டும் பயிற்சியும் அளித்து, இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். இரு குழுவினரின் கையும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தது. அறுவை கட்டாயம் தேவைப்பட்டவர்கள் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்கலாகாது. மற்றவர்க்கு, வீட்டில் பொறுமையாகச் செய்யும் பயிற்சி கத்திக்கு இணையாக நிற்கிறது என்பது அதனால் புலனாயிற்று.

பயிற்சி என்பதுதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி. 19ஆம் நூற்றாண்டில் எலும்பு வைத்தியர்கள் இரு கட்சியாக இருந்தனர். இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் என்பவர், முறிவுக்கு இடைவிடாத ஓய்வே மருந்து என்றார். அவர் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் நாட்டு வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டம் பெற்ற மருத்துவர்களின் எதிர்ப்பால் வழக்குகளைச் சந்தித்த அவர் தந்தை, மக்களை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்தக் கைத்திறனும் கல்வியும் கூடி நவீன எலும்பு மருத்துவத்துக்கு அடித்தளமாயின. பிரான்சில் லூக்காஸ் சாம்பியோனியர் என்பவரோ, அசைவும் பிடித்துவிடுதலும் விரைவில் தொடங்க வேண்டும் என்றார். தொடை எலும்பின் வரலாற்றில் தாமஸின் புகழ் பெரிது. தோளைப் பொறுத்தவரை சாம்பியோனியர் கட்சியே வென்றது. தோளைச் சுற்றியுள்ள சவ்வு அசைவின்றி இருந்தால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். எலும்பு கூடிவிடும், கை மட்டும் தலைவார உயராது, முதுகைத் தொடாது. முன்னே குனிந்து, கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டும் எளிய பயிற்சியைக் கோட்மன் இதற்காகவே பரப்பினார்.

இவ்வளவையும் கேட்டபின், தொடக்கத்தில் பேசிய மூவருக்கும் விடை கூறலாம். முதலில் வேண்டியது எக்ஸ் கதிர்ப் படம். அதற்கு முன் யாரும் கையை இழுக்கவோ அழுத்தித் தேய்க்கவோ விடலாகாது. மோதிரமும் வளையலும் வீக்கம் ஏறுமுன் கழற்றப்பட வேண்டும். விரல்கள் குளிர்ந்தோ நீலம் பாய்ந்தோ மரத்தோ போனால், அல்லது தோளின் வெளிப்புறத்தில் தொட்டால் உணர்வில்லாமலோ கை அசையாமலோ போனால், தாமதம் ஆபத்து. இறுக்கமான கட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை சுருங்கிக் கை பயனற்றுப் போவதை 1881இல் வோல்க்மன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். சுசுருதர் எச்சரித்த அதே ஆபத்துதான் அது. ஆகவே எவர் போட்ட கட்டானாலும், வலி மிகுந்தால் அவிழ்த்துப் பார்க்கச் சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. சில நாளில் கருநீலக் கன்றல் முழங்கை வரை இறங்கும். அது உள்ளே கசிந்த இரத்தம் கீழிறங்குவது, அஞ்ச வேண்டியதில்லை. இரவில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தவாறு உறங்குவது எளிது. விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். தோளுக்குரிய ஊசல் பயிற்சியைப் பொதுவாக ஓரிரு வாரங்களில் மருத்துவர் சொல்லித் தொடங்கலாம். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரமும், கை பழைய வழக்கத்துக்கு வரப் பல மாதங்களும் ஆகும்.

புத்தூருக்கு நெடும் பயணம் செய்வோரின் நம்பிக்கையை எள்ளி நகையாடுவது முறையன்று. ஏழை மக்கள் பலருக்கு எளிய செலவில் ஆறுதல் தந்த மரபு அது. ஆனால் உள்ளே உடைந்தது எது என்று தெரியாமல், முறிந்த கையோடு ஓரிரவு முழுவதும் குலுங்கிச் செல்வது துன்பத்தை வளர்ப்பதாகும். விழுந்த காரணத்தையும் ஆராய வேண்டும். சறுக்கி விழுந்து தோள் முறிந்த முதியவருக்கு எலும்பு மெலிந்திருக்கலாம். அதற்கு வைத்தியம் செய்யாவிட்டால் அடுத்த முறிவு இடுப்பில் நேரக்கூடும். குளியலறையில் பிடிமானம் ஒன்று அமைப்பதும் எலும்பு வைத்தியத்தில் சேர்ந்ததே.

மைசூரின் தசரா ஊர்வலம் அரண்மனையை விட்டுச் சயாஜி ராவ் சாலை வழியாகப் பன்னிமண்டபத்துக்குச் செல்கிறது. அரண்மனைக்குள் ஜெட்டிகள் மற்போரிட்டு முடிந்த சிறிது நேரத்தில், 1908இல் நிறுவப்பட்ட ஆயுர்வேதக் கல்லூரியை அது கடந்து போகும். 1924இல் பெங்களூரில் தோன்றி 1930இல் இந்நகருக்கு வந்த மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும் அருகிலேயே இருக்கிறது. மல்லரின் கை, சுசுருதரின் நூல், ராண்ட்கனின் கதிர் மூன்றும் ஒரே சாலையில் சந்திக்கும் ஊர் இது. கதிர் உள்ளிருப்பதைக் காட்டுகிறது. நூல் கட்டின் அளவைச் சொல்கிறது. கை, பொறுமையாக அசைக்கக் கற்றுத் தருகிறது. எதை முதலில் நாட வேண்டும் என்ற வரிசை தவறாதிருந்தால், முறிந்த தோளும் தேறும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பழமொழி. சறுக்கிய மூதாட்டி மறுபடி தன் கையால் தலைவாரிப் பேரக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்ளும் நாளே அவ்வைத்தியத்தின் இறுதிப் பயன்.